வித்துக் காத்த வாவிலோவ்

வண்டலூரைச் சூழ்ந்த ஏரிப்பாசன ஊர்களில் விதைநெல்லை வெயிலில் உலர்த்தி, வேப்பிலை கலந்து, பானையிலிட்டு வாய்மூடி வைத்தல் முதியோர் கைக்கொண்ட முறை. அடுத்த பட்டம் வரைக்கும் அது போதும். பல்லாயிரம் வகை வித்துக்களைத் தலைமுறை தலைமுறையாக உயிரோடு வைக்க முயன்ற ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சிறிது கூறுவோம்.

நிக்கோலாய் வாவிலோவ் 1887-ஆம் ஆண்டு மாஸ்கோவிற் பிறந்தார். வேளாண்மைக் கல்வி முடித்து, இங்கிலாந்து சென்று, பேட்சன் என்னும் அறிஞரிடம் மரபியல் பயின்றார். 1921-இல் பெட்ரோகிராடு நகரத்துப் பயிராராய்ச்சி நிலையத்தின் தலைமை ஏற்றார். பாரசீகம், ஆப்கானிஸ்தானம், அபிசீனியா முதலிய நாடுகளில் அலைந்து வித்துத் திரட்டினார். ஒரு பயிர் தோன்றிய இடத்திலேயே அதன் வகைகள் மிகுந்திருக்கும். பஞ்சத்தையும் பயிர்நோயையும் வெல்லும் புதுவகைகளை ஆக்க அவை வேண்டும் என்பது அவர் கொள்கை.

கஞ்சா என்றவுடன் நம்மவர் முகஞ் சுளிப்பர். ஆயினும் உருசியாவில் அச்செடி நாருக்கும் எண்ணெய்க்குமாக நெடுங்காலம் பயிராயிற்று. காட்டில் தானே முளைக்கும் கஞ்சாவையும் வாவிலோவ் ஆராய்ந்து, வகைபிரித்துப் பெயரிட்டார். அதன் வித்தோ எண்ணெய்ப்பசை மிக்கது. வெப்பமும் ஈரமும் பட்டால் சில ஆண்டுகளில் முளைப்பாற்றல் இழந்துவிடும். ஈரம் நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்தால் வித்தின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். வெப்பம் 5 பாகை குறைந்தாலும் அவ்வாறே. இது பின்னர்த் தெளிந்த உண்மை. குளிரறைகள் இல்லாத அந்நாளிலோ, சில ஆண்டுகளுக்கொருமுறை ஒவ்வொரு வகையையும் விதைத்துப் புதுவித்து எடுத்தல் வேண்டியிருந்தது. கஞ்சாவின் மகரந்தம் காற்றிற் பறப்பதாகலின், ஒன்றோடொன்று கலவாதபடி வகைகளை வெகுதொலைவில் தனித்தனியே விதைத்தல் வேண்டும். எத்துணைத் தொல்லை!

மரபியலையே பொய்யென்ற லைசென்கோவுக்கு ஸ்டாலினின் ஆதரவு கிடைத்தது. 1940 ஆகஸ்டு 6-இல், வித்துத் தேடிச் சென்ற பயணத்திலேயே வாவிலோவ் சிறைபிடிக்கப்பட்டார். மறு ஆண்டு மரணதண்டனை விதித்தனர். பின்பு அதனை 20 ஆண்டுச் சிறையாக மாற்றினர்.

1941 செப்டம்பரில் செருமானியர் லெனின்கிராடை முற்றுகையிட்டனர். பெட்ரோகிராடின் புதுப்பெயரே அது. நிலையத்திலோ ஏறக்குறைய இரண்டரை லட்சம் மாதிரிகள். அவற்றுட் பல உண்ணத்தக்க தானியம். காவலிருந்த ஊழியர் எலிகளை விரட்டினர். தாமோ ஒரு பிடியும் உண்டிலர். நெல்வகை காத்த இவானோவ் நெற்பொதிகளிடையே பசியால் மாண்டார். நிலக்கடலை காத்த ஷூக்கின் தம் மேசையருகே உயிர்நீத்தார். தம் தலைவர் எங்கே இருக்கின்றார் என்பதும் அவர்கட்குத் தெரியாது.

தலைவரோ சராத்தோவ் சிறையில் உணவின்றி நலிந்து, 1943 ஜனவரி 26-இல் இறந்தார். இளமையில் அவர் பேராசிரியராயிருந்த ஊரும் அதுவே. 1955-இல் அரசு அத்தீர்ப்பைத் தள்ளிற்று. அந்நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கியுள்ளது. கஞ்சா வித்துத் தொகுதியும் அங்கே இருக்கின்றது.