யானைக்கால் மாத்திரை தந்த சுப்பாராவ்

சுத்துக்கேணியிலோ, வில்லியனூரிலோ, பாகூரிலோ வயதான ஒருவரிடம் யானைக்கால் வியாதியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கால் வீங்கி, வேட்டியை இழுத்து மூடிக்கொண்டு நடந்தவர்களைப் பற்றிச் சொல்வார். புதுச்சேரிப் பகுதியில் கொசு பரப்பிய வியாதி அது.

2004-ம் ஆண்டு முதல், இந்த வியாதி உள்ள ஊர்களில் ஆண்டுக்கு ஒரு முறை வீடு வீடாக மாத்திரை கொடுத்தார்கள். வீங்கிய கால் அதனால் வற்றிவிடாது. ஆனால் இரத்தத்தில் ஓடும் குட்டிப் புழுக்கள் சாகும். கொசு அவற்றை அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது.

அந்த மாத்திரையின் பெயர் டி.இ.சி. 1947-ல் அதைக் கண்டுபிடித்தது அமெரிக்காவில் உள்ள ஓர் ஆராய்ச்சிக்கூடம். அங்கே ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் ஓர் இந்தியர். சென்னையில் டாக்டருக்குப் படித்தவர்.

அவர்தான் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

காசிக்கு ஓட்டம்

1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி ஆந்திராவில், பீமாவரத்தில் சுப்பாராவ் பிறந்தார். ஏழைக் குடும்பம். படிப்பில் மனம் செல்லவில்லை. சிறு வயதில் வீட்டை விட்டுக் காசிக்குக் கிளம்பினார். யாத்திரை வருகிறவர்களுக்கு வாழைப்பழம் விற்றே பணக்காரர் ஆகிவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு!

தாயார் விடவில்லை. திரும்ப அழைத்து வந்து பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தோல்வி. மூன்றாவது முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார்.

பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. அது சுதேசி இயக்கக் காலம். ஆபரேஷன் அறையிலும் சுப்பாராவ் கதர் அங்கி அணிந்து நின்றார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

இதற்கிடையே வீட்டில் பேரிடி. ஸ்புரூ என்னும் வயிற்று வியாதிக்கு அவருடைய சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்துப் பலியானார்கள். இந்த வியாதிக்கு மருந்து காண வேண்டும் என்ற எண்ணம் அவர் நெஞ்சில் வேரூன்றியது.

மாமனார் பணம் கொடுத்து உதவினார். இளம் மனைவி சேஷகிரியை ஊரில் விட்டுவிட்டு சுப்பாராவ் கப்பல் ஏறினார். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பகலில் படிப்பு. இரவில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலச்சட்டிகளைக் கழுவும் வேலை.

நீலம் சொன்ன கணக்கு

ஹார்வர்டில் சைரஸ் பிஸ்க் என்பவரிடம் அவர் ஆராய்ச்சி செய்தார். நம் இரத்தத்திலும் எலும்பிலும் பாஸ்பரஸ் என்ற பொருள் இருக்கிறது. அது எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது அந்தக் காலத்தில் பெரும் பாடு.

இருவரும் ஒரு வழி கண்டார்கள். இரத்தத்தைப் பக்குவப்படுத்தி, சில ரசாயனங்களைச் சேர்த்தால் நீல நிறம் வரும். பாஸ்பரஸ் அதிகம் இருந்தால் நீலமும் அதிகம். துணிக்கு நீலம் போடுகிறவருக்குக்கூடப் புரியும் கணக்கு இது! 1925-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

விஞ்ஞானிகளிடையே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கண்ட வழியை இன்னொருவர் பயன்படுத்தினால், தம் கட்டுரையில் அவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். எத்தனை பேர் குறிப்பிட்டார்கள் என்று எண்ணிப் பார்த்து, கட்டுரையின் மதிப்பைப் பேசுகிறவர்களும் உண்டு. 1925-ல் வந்த அந்தக் கட்டுரையை இதுவரை பல ஆயிரம் கட்டுரைகள் குறிப்பிட்டிருக்கின்றன. பாஸ்பரஸை அளந்தவர்கள் எல்லாம் 'பிஸ்க்-சுப்பாராவ் முறை' என்று எழுதினார்கள்.

அந்த நீலம் இன்னொரு விந்தையும் செய்தது. தசையிலிருந்து எடுத்த சாற்றைச் சோதித்தபோது நிறம் உடனே வரவில்லை. மெல்ல மெல்லத்தான் வந்தது. ஏன்? இன்னொருவராக இருந்தால் கைத்தவறு என்று கொட்டிவிட்டிருப்பார். இவர்கள் விடாமல் தேடினார்கள். பாஸ்பரஸ் ஏதோ ஒன்றோடு ஒட்டிக்கொண்டு இருப்பது தெரிந்தது. அதுதான் பாஸ்போகிரியேட்டின். 1927-ல் அதை வெளியிட்டார்கள். 1929-ல் ஏ.டி.பி.யையும் கண்டார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் லோமான் என்பவரும் தனியே அதைக் கண்டிருந்தார். நாம் கையை அசைக்கவும் இதயம் துடிக்கவும் சக்தி தரும் பொருள் அது.

அமுங்கிய ஆராய்ச்சி

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. அவர் கண்ட வேறு சில பொருள்கள் அச்சேறவே இல்லை. பிஸ்க் அவற்றை வெளிவர விடவில்லை என்றும், பின்னால் மற்றவர்கள் அவற்றை மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்றும் ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் எழுதியிருக்கிறார். அதே ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தவர் அவர். 1988-ல் நோபல் பரிசு பெற்றவர். அச்சில் வராத கட்டுரையை யார் குறிப்பிட முடியும்?

1940-ல் சுப்பாராவ் லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். அவரது குழு போலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தது. கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தோடு சேர்த்துக் கொடுக்கிறார்களே, அதுதான். சகோதரர்களைக் கொன்ற ஸ்புரூவுக்கும் அது மருந்தாயிற்று! அங்கே நடந்த ஆராய்ச்சியிலிருந்தே ஆரியோமைசினும் வந்தது.

லெடர்லி கட்டுரைகளில் சுப்பாராவ் தம் பெயரை முன்னே போட்டுக்கொள்ளவில்லை. போலிக் அமிலக் கட்டுரையில் ஒரு பெரும் பட்டியலில் அவரும் ஒருவர். யானைக்கால் மருந்துக் கட்டுரையில் கடைசிப் பெயர் அவருடையது. அந்தக் கூடம் தந்த அமினாப்டெரின் என்ற மருந்தை டாக்டர் சிட்னி பார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். சாக இருந்த குழந்தைகள் சில காலம் எழுந்து விளையாடினார்கள். 1948 ஜூனில் வந்த அந்தக் கட்டுரையின் தலைப்பில் ஐந்து பெயர்கள். சுப்பாராவ் பெயர் அந்த ஐந்தில் இல்லை.

இரண்டு மாதம் சென்றது. ஆகஸ்டில் மாரடைப்பால் அவர் காலமானார். வயது 53. சென்ற நாள் முதல் ஒரு முறைகூட அவர் ஊர் திரும்பவில்லை. மூன்று ஆண்டில் வருவதாகச் சொல்லிப் போன கணவரை சேஷகிரி மறுபடி காணவே இல்லை.