பஜீ ஆங் சோ: சஞ்சிகைத் தாளில் நிகழ்ந்த கலைப் புரட்சி

1917ஆம் ஆண்டின் ரஷ்யப் புரட்சியை அந்நாட்டின் புதுமை ஓவியர்கள் பலர் தமது சொந்த வெற்றியாகவே கருதி வரவேற்றனர். அவர்களுள் ஒருவரான அலெக்சாந்தர் ரொட்சென்கோ, 1921இல் சிவப்பு, மஞ்சள், நீலம் என ஒவ்வொன்றும் ஒரே வண்ணம் பூசப்பட்ட மூன்று ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தபின், தூரிகையை ஒதுக்கிவிட்டுப் புகைப்படத்தையும் சுவரொட்டியையும் தமது ஊடகமாக்கினார். 1937 அளவில் நிலைமை தலைகீழாயிற்று. ஸ்டாலினின் களையெடுப்பில் வீழ்ந்தவர்களின் முகங்களை, தாமே வடிவமைத்த நூலின் தமது பிரதியில் கறுப்பு மையால் அழிக்கும் கதி அவருக்கு ஏற்பட்டது.

புரட்சியின் பெயரால் ஆளும் அரசின் கீழ்க் கலைஞன் எங்ஙனம் வாழ்வது? இவ்வினாவுக்குத் தமது வாழ்க்கையால் வேறொரு விடை அளித்தவர், யாங்கோன் என இன்று வழங்கும் இரங்கூனில் வாழ்ந்து மறைந்த ஓவியர் பஜீ ஆங் சோ.

1923-24 அளவில் பிறந்த ஆங் சோவின் இளமைப் பருவம், யுத்தமும் ஜப்பானிய ஆக்கிரமிப்பும் சுதந்திரப் போராட்டமும் பர்மாவை உலுக்கிய காலமாகும். 1948இல் நாடு விடுதலை பெற்றது. அதே ஆண்டளவில், இடதுசாரி எழுத்தாளர் டகோன் தாயா நடத்திய தாயா சஞ்சிகையில் அவரது சித்திரங்கள் வெளிவரத் தொடங்கின. புதிய இலக்கியத்திற்குப் புதிய ஓவியமும் வேண்டும் என்பது அவ்வட்டத்தினரின் எண்ணமாயிருந்தது.

1951இல் இந்திய அரசின் புலமைப்பரிசில் பெற்று, தாகூர் நிறுவிய சாந்திநிகேதனுக்குச் சென்றார். நந்தலால் போஸின் மரபில் வளர்ந்த அக்கலைக்கூடம், மேற்கத்தைய கலையைப் பிரதிபண்ணாமலே நவீனனாகலாம் என்பதை அவருக்கு உணர்த்தியது. ஏறத்தாழ ஓராண்டின் பின் நாடு திரும்பியவர், பகான் கோயிற் சுவரோவியங்களையும் மரபுக் கைவினைகளையும் ஆழ்ந்து கற்கலானார்.

1953இல் சஞ்சிகையொன்றில் வெளியான அவரது சித்திரம் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அது சித்தம் கலங்கியவனின் ஓவியம் என எள்ளி நகையாடினர். அந்த ஏளனப் பெயரே நாளடைவில் பர்மாவில் நவீன ஓவியம் முழுவதற்கும் உரிய பெயராக நிலைத்துவிட்டது. ஆங் சோ பின்வாங்கவில்லை. கதையின் காட்சியை அப்படியே வரைந்து காட்டும் வழக்கத்தைக் கைவிட்டு, சிறுகதைக்கும் கவிதைக்கும் அருகே தன்னளவில் முழுமை பெற்ற ஓவியங்களைப் படைத்தார்.

1962 மார்ச் 2ஆம் நாள் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். இராணுவத் தளபதிகளின் அவை தனக்குப் புரட்சிச் சபை எனப் பெயர் சூட்டிக் கொண்டது. அச்சகங்களும் சஞ்சிகைகளும் கட்டுப்பாட்டின் கீழ் வந்தன. வணிகம் அரசுடைமையாக்கப்பட்டதும், தலைமுறைகளாக அங்கு வேரூன்றியிருந்த தமிழர் உட்பட இலட்சக்கணக்கான இந்திய வம்சாவளியினர் வெறுங்கையுடன் கப்பலேறினர். சென்னையின் பர்மா பசார் அத்துயரின் எச்சமாக இன்றும் நிற்கிறது.

நாட்டிலேயே தங்கிய ஆங் சோவுக்கு எஞ்சியிருந்த களம் சஞ்சிகைப் பக்கமே. அதுவே அவரது பிழைப்பு. அதுவே அவரது காட்சிக்கூடமும். மலிவான தாளிலே, மங்கலான மையிலே, நாற்பது ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான சித்திரங்கள் வெளிவந்தன. ஓவியக் கண்காட்சியை ஒருபோதும் காணாத சாதாரண வாசகனும் உலகின் நவீன கலைப் போக்குகளை அவற்றின் வாயிலாக அறிந்து கொண்டான்.

இறுதிப் பத்தாண்டில் பௌத்தத் தியானத்தையும் மந்திர எழுத்துகளையும் இணைத்துத் தமக்கேயுரிய ஓவிய முறையொன்றை வகுத்தார். நெய்வண்ணமும் திரையும் அல்ல, கடதாசியும் சாதாரண வண்ணப் பேனாக்களுமே அதற்கு அவர் கையாண்ட கருவிகள். 1988இன் மக்கள் எழுச்சியையும் அதன் குருதி தோய்ந்த முடிவையும் கண்ட பின், 1990இல் அவர் காலமானார்.

அவர் கையால் வரைந்த மூலச் சித்திரங்களுட் பெரும்பாலானவை தொலைந்து போயின. இன்று ஆய்வாளர்கள் அவரது கலையைத் தேடிச் செல்வது பழைய சஞ்சிகைகளின் பழுப்பேறிய பக்கங்களையே. அவற்றை எறிந்துவிடாது பேணி வைத்த பெயரறியா வாசகர்களே அக்கலைஞனைக் காப்பாற்றியவர்கள். புறப்படும் அவசரத்தில் பெட்டியின் அடியில் நாம் வைத்த நாலு பழைய ஏடுகளுக்கும் ஒருநாள் அத்தகைய பெறுமதி உண்டாகலாம்.