பரோடா அலுவலகத்தில் அண்ணல் அம்பேத்கர்

அண்ணல் அம்பேத்கரை அரசியல் சட்ட மேதையாக யாவரும் அறிவர். மாத ஊதியம் பெறும் அலுவலராக அவர் பட்ட பாட்டினை அறிந்தோர் சிலரே. மஞ்சக்குப்பத்தில் நம் சங்கத்தின் ஆதரவால் பயின்று, இன்று அலுவலகங்களில் பணியேற்கும் நம் இளைஞர்கள் அறிய வேண்டிய பகுதி அதுவேயாகும்.

1891 ஏப்ரல் 14-இல் பிறந்த அவர், பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட் அளித்த உதவித் தொகையால் 1913-இல் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். கல்வி முடித்துப் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணிபுரிவதென்பது ஒப்பந்தம். அதன்படி 1917-இல், அதாவது சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியை நிறுவிய மறு ஆண்டில், மன்னரின் இராணுவச் செயலராகப் பொறுப்பேற்றார்.

பதவி பெரிது, மரியாதையோ இல்லை. கடைநிலை ஊழியர்கள் கோப்புகளை அவர் கையில் கொடாமல், எட்ட நின்று மேசைமேல் வீசினர். அலுவலகத்தில் அவருக்குக் குடிநீர் கிடைக்கவில்லை. வாய் திறந்து ஏசியவர் எவருமிலர். ஆகவே இன்னார்மீது குற்றமென்று சுட்டவும் வழியில்லை. இத்தகைய சொல்லில்லாத அவமதிப்பே அலுவலகங்களில் மிகக் கொடியது என்பது என் கருத்து. மன்னரிடம் முறையிட்டார், திவானோ கைவிரித்துவிட்டார். மன்னரின் நல்லெண்ணம் அலுவலகத் தாழ்வாரம்வரை வந்து சேரவில்லை.

தங்க இடமும் கிட்டவில்லை. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயர் பூண்டு, பாழடைந்த மாடியறையில் தங்கினார். பதினோராம் நாள் காலை, தடியேந்திய பார்சியர் ஏறத்தாழப் பன்னிருவர் வந்து, மாலைக்குள் வெளியேறப் பணித்தனர். இரு நண்பர்களை நாடினார். ஒருவர் இந்து, மற்றவர் கிறித்தவர். இருவரும் இடமளிக்கவில்லை. பொதுப் பூங்காவொன்றில் மாலைவரை அமர்ந்திருந்து, கண்ணீருடன் இரவு வண்டியில் பம்பாய் திரும்பினார். இதனைப் புறங்காட்டியது என்போர் உளர். தலைசாய்க்க இடமும் பருக நீரும் இல்லாத ஊரில் எங்ஙனம் பணிபுரிவது?

1918 நவம்பரில் பம்பாய் சிடனம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியரானார். பிற கல்லூரி மாணவரும் அவர் வகுப்பினைக் கேட்க வந்தனர். ஆயினும் ஆசிரியர்களுக்கென வைத்த பானையில் அவர் நீரருந்தலாகாதென உடன்பணியாற்றிய சிலர் தடை கூறினர். மாணவர் மதித்தனர், படித்தவர் மதிக்கவில்லை!

அவர் கைகலக்கவுமில்லை, விதியென்று அடங்கவுமில்லை. 1920 ஜனவரி 31-இல் மூக்நாயக் இதழைத் தொடங்கினார். இலண்டன் சென்று சட்டம் பயின்று திரும்பினார். பரோடாவில் பட்டதைப் பிற்காலத்தில் எழுதிவைத்தார். 1927 மார்ச் 20-இல் மகாடு நகரின் சவுதார் குளத்தில் ஆயிரக்கணக்கானோர் சூழ இறங்கி நீரருந்தினார். எதிர்த்தோர் வழக்காடினர். அவ்வழக்கு பத்தாண்டுகள் நடந்து, 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் அண்ணலின் பக்கமே தீர்ப்பளித்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அப்பிரிவின் வழியே 1955-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. மறு ஆண்டு டிசம்பர் 6-இல் அண்ணல் மறைந்தார்.