கொசுவுக்குக் கணக்கெழுதியவர்

மதுரைச் சீமையில் நோய்க்கு ஆட்பட்டு நொந்த அமெரிக்கப் பாதிரிமார்கள், 1845-ல் பழனி மலைமீது ஏறினர். ஏறத்தாழ 7000 அடி உயரத்தில் பங்களா கட்டினர், பிறந்தது கோடைக்கானல். அடிவாரத்து உழவனுக்கு ஏது பங்களா? அவன் குளிர்காய்ச்சலில் கிடந்து நடுங்கினான். கெட்ட காற்றே காரணம் என்றனர், கற்றறிந்தோரும்!

அந்த நம்பிக்கையைத் தகர்த்தவர் ரொனால்டு ராஸ். 1857-ல் அல்மோராவில் பிறந்த வெள்ளையர், படைத்தளபதியின் மகன். நீலகிரியின் சிகூர்ப் பகுதிக்கு மலேரியாவை ஆராயச் சென்றவரை, மலேரியாவே பிடித்துக்கொண்டது! அதே 1897, ஆகஸ்டு 20-ல், செகந்தராபாத்தில், உசேன் கான் எனும் நோயாளியின் குருதி குடித்த கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டார். கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா, உசேன் கானுக்குக் கூலி. ராசுக்கு 1902-ல் நோபல் பரிசு. பாராட்டுவோம், தோழர்களே, ஓரணாக்காரனையும் மறவோம்.

எல்லாக் கொசுவையும் ஒழிக்க முடியாதே, குட்டையை மூடி என்ன பயன் என்று கைவிரித்தனர் அதிகாரிகள். ராஸ் கணக்கில் இறங்கினார். நோயாளியைக் கடிக்கும் கொசு எத்தனை? கிருமி முற்றும்வரை பிழைப்பது எத்தனை? மீண்டும் மனிதரைக் கடிப்பது எத்தனை? 1908-ல் மொரிசியசு அறிக்கையிலும், 1911-ல் தம் நூலிலும் விடை தந்தார்: கடைசிக் கொசு வரை கொல்ல வேண்டியதில்லை; ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக ஒருவருக்குக்கூடத் தொற்றாத அளவுக்குக் கொசு குறைந்தால் போதும், காய்ச்சல் தேய்ந்து மறையும்.

1932-ல் ராஸ் மறைந்தார். ஒரே குடிசையை மலேரியாவும் யானைக்காலும் சேர்ந்து தாக்கும்போது, கொசுவலைக்கு எவ்வளவு, மாத்திரைக்கு எவ்வளவு செலவிடலாம் என்று கணக்கிடுவோர், இன்றும் அவர் கணக்கின் வழியில்தான் நடக்கிறார்கள்.