மானிப்பாயின் வைத்தியர் கிறீன்

எமது பாடசாலையிலிருந்து மருத்துவம் படிக்கச் சென்றவர்கள் எங்கே கூடினாலும் முதலில் விசாரிப்பது, இப்போது எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதைத்தான். இந்தச் சங்கடத்தை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே கண்டவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

1822 இல் அமெரிக்காவில் பிறந்த அவர், 1847 இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டே மானிப்பாயில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பு மருத்துவக் கல்லூரி உருவானது அதற்கு 22 ஆண்டுகள் பின்னர், 1870 இல்.

அவரிடம் படித்தவர்கள் கெட்டிக்காரர்கள். ஆங்கிலமும் வைத்தியமும் கைவந்தவருக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. சம்பளமும் ஊர் மதிப்பும் கூடவே வந்தன. ஆனால் உத்தியோகம் அவர்களை வேறிடங்களுக்கு அழைத்துச் சென்றது. எந்தக் கிராமங்களுக்காகப் பயிற்றுவித்தாரோ அங்கே வைத்தியர் இல்லை. விடுமுறையில் அமெரிக்கா சென்று 1862 இல் திரும்பிவந்த கிறீன், இனித் தமிழில் கற்பிப்பதென்று முடிவெடுத்தார்.

அதற்குப் புத்தகம் வேண்டுமே! இரண வைத்தியம் 1867 இலும், மனுஷ அங்காதிபாதம் 1872 இலும் வெளிவந்தன. மாணவர்களையும் தமிழறிந்தவர்களையும் துணைகொண்டு, கலைச்சொல் இல்லாத இடத்தில் சொல் ஆக்கி, ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தமிழாக்கினார். இன்று நோயாளியுடன் தமிழில் கதைத்து, துண்டில் ஆங்கிலத்தில் எழுதும் எமக்கு அந்த உழைப்பின் அளவு நன்றாகவே விளங்குகிறது.

எனினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். இந்த முடிவின் விலையை அதிகம் கொடுத்தவர் கிறீன் அல்லர். நியூயோர்க்கில் பெற்ற பட்டமும் மிஷனின் மதிப்பும் அவரிடம் இருந்தன. அந்த மதிப்பினால்தான் தமிழ் வகுப்பை அவரால் நடத்தவும் முடிந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கோ ஆங்கிலமே ஏணி. அதை எடுத்துவிட்டு ஊரிலே இரு என்றால், பெற்றோர் மனம் எப்படி இருந்திருக்கும்? எமது பெற்றோர் சம்மதித்திருப்பார்களா? ஆனாலும் ஊரில் தங்கிய வைத்தியரை நோயாளி தன் மொழியில் கேள்வி கேட்கலாம். பெரிய பதவியில் இருப்பவரிடம் பலர் வாய் திறப்பதில்லை. இதை நாம் கிளினிக்கில் தினமும் காண்கிறோம்.

அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கிவிட்டு, 1873 இல் கிறீன் நாடு திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூல் வேலையை அவர் விடவில்லை. கெமிஸ்தம் 1875 இல் வந்தது. 1884 இல் காலமானார்.