நடுவுல படலைன்னாலும் நேரா போகும்: கார்ஸ்டன் சோல்ஹைம்

1911-ல நார்வேயின் பெர்கன் நகரத்தில் பிறந்தவர் கார்ஸ்டன் சோல்ஹைம். சின்னக் குழந்தையா இருக்கும்போதே குடும்பம் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. அப்பாவுக்கு ஷூ தைக்கும் தொழில். காலேஜ்ல இன்ஜினியரிங் சேர்ந்தார். பொருளாதார மந்தத்தில் பணமில்லாம படிப்பு பாதியில நின்னுபோச்சு. ஆனாலும் பின்னாளில் ஜெனரல் எலக்ட்ரிக்ல இன்ஜினியர் ஆனார்.

கோல்ஃப் ஆட ஆரம்பிச்சதே 42 வயசுலதான். பந்தைக் குழிக்குள்ள தள்ளுற புட்டர் மட்டும் அவருக்கு ஒத்துழைக்கல. பந்து நடுவில் படாம ஓரத்தில் பட்டா மட்டையின் தலை திரும்பிடும், பந்தும் திசை மாறிடும். எடையை இரண்டு முனைகளுக்கும் நகர்த்தினார். ஆமாம், நம்ம முதல் வருஷம் படிச்ச மொமென்ட் ஆஃப் இனர்ஷியாவேதான்! எடை அதேதான், திரும்புறது மட்டும் குறைஞ்சது. 1959-ல கராஜில் அவர் செஞ்ச புட்டர், பந்தில் பட்டதும் 'பிங்'னு சத்தம் போட்டது. அதுவே பிராண்ட் பெயராச்சு.

1967-ல, ஐம்பது வயசு தாண்டினவர், நிரந்தர வேலையை விட்டுட்டு முழுசா மட்டையில இறங்கினார். அயர்ன் மட்டைகளின் முதுகைக் குடைந்து எடையை ஓரங்களுக்குக் கொண்டுபோனார். எப்பவும் நடுவில் அடிக்கிற நிபுணருக்கு மெல்லிய பிளேடு போதும். தினமும் தப்பா அடிக்கிற நமக்குத்தான் இந்த டிசைன். அவரோட ஐ2 அயர்ன்களின் பள்ளக்கோடுகளை அமெரிக்க கோல்ஃப் சங்கம் எதிர்த்தப்ப, கோர்ட் வரைக்கும் போனார். 1990-ல சமரசம் ஆச்சு.

2000-ல காலமானார். இன்னிக்கு கத்துக்க வர்றவங்க கையில் பெரும்பாலும் இருக்கிறது குடைந்த முதுகு மட்டைதான்.