பைண்டிங் கடைப் பையன் பார்த்த புலம்

தேனி மாவட்டம் பொட்டிப்புரம்னு சொன்னாலே நமக்கு நியூட்ரினோ ஆய்வகம்தான் ஞாபகம் வரும். மலைக்கு அடியில் 50,000 டன் இரும்புத் தகடுகளை அடுக்கி, மொத்தத்தையும் மின்காந்தமாக மாற்றுவது திட்டம். மக்கள் எதிர்ப்பு, வழக்கு என்று அது இன்னும் எழவில்லை. அவ்வளவு பெரிய காந்தம் எதுக்கு? நியூட்ரினோ இரும்பில் மோதினால் மியூவான் என்ற துகள் பிறக்கும். காந்தப்புலத்தில் அது எந்தப் பக்கம் வளையுதுன்னு பார்த்தால், அது நேர்மின் துகளா எதிர்மின் துகளான்னு தெரிஞ்சுடும்.

இந்தப் 'புலம்' என்ற எண்ணத்தை உலகுக்குக் கொடுத்தவர், காலேஜ் வாசலையே மிதிக்காத மைக்கேல் ஃபாரடே.

1791-ல் லண்டன் அருகே ஒரு கொல்லர் வீட்டில் பிறந்தார். பள்ளிப் படிப்பு ரொம்பக் கொஞ்சம். 14 வயசில் புத்தக பைண்டிங் கடையில் வேலை. பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படிச்சே அறிவியல் கத்துக்கிட்டார். 1812-ல் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, தானே பைண்ட் பண்ணி டேவிக்கே அனுப்பி வைத்தார். அடுத்த வருஷம் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் ஆனார்.

1831-ல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். நம்ம லோயர் கேம்ப் பவர் ஹவுஸ் ஜெனரேட்டர் ஓடுவதும் அந்தத் தத்துவத்தில்தான்.

பாராட்டு கிடைத்தது, ஆனால் அவருடைய முக்கியமான யோசனையைப் பலர் ஏற்கவில்லை. ஒரு காந்தம் இன்னொன்றை வெற்றிடம் தாண்டி நேராக இழுக்குதுன்னு கணித அறிஞர்கள் கணக்குப் போட்டார்கள். ஃபாரடே இரும்புத்தூளைத் தூவி, வளைந்து போகும் கோடுகளைப் பார்த்தார். காந்தத்தைச் சுற்றியுள்ள இடமே மாறியிருக்கு என்பது அவர் முடிவு. அவருக்கு உயர்கணிதம் தெரியாது. அதனால் அது வெறும் படம் என்று ஒதுக்கினார்கள்.

இன்னைக்கு சயின்ஸ் ஃபிக்ஷன் படங்களில் 'ஃபோர்ஸ் ஃபீல்டு' என்றால் குண்டு பட்டுத் தெறிக்கும் கண்ணாடிச் சுவர். பேச்சுவழக்கில், அவர்கிட்ட ஏதோ காந்த சக்தி இருக்குப்பான்னு சொல்வோம். ஃபாரடேவின் புலம் சுவரும் இல்லை, வசீகரமும் இல்லை. ஒவ்வொரு புள்ளியிலும் விசை எவ்வளவு, எந்தத் திசையில் என்பதுதான் புலம். கேடயம் வேணும்னா அவரே 1836-ல் காட்டிய கூண்டு இருக்கு: வெளியே மின்பொறி பறந்தது, உள்ளே உட்கார்ந்திருந்த அவருக்கு ஒண்ணும் ஆகலை. வேடிக்கை என்னன்னா, அங்கே காப்பாற்றியது புலம் இல்லை. உள்ளே புலம் இல்லாததுதான்!

1850-களில் மேக்ஸ்வெல் என்ற இளைஞர் அந்தக் கோடுகளைக் கணிதமாக எழுதினார். ஃபாரடேக்கு அப்போ 65 வயசு நெருங்கியிருந்தது. 1865-ல், ஒளியே ஒரு மின்காந்த அலை என்று மேக்ஸ்வெல்லின் கட்டுரை சொன்னது. இரண்டு வருஷம் கழித்து ஃபாரடே இறந்தார். சர் பட்டத்தை மறுத்தவர். கடைசிவரை வெறும் மிஸ்டர் ஃபாரடேதான்.

பொட்டிப்புரம் திட்டத்துக்கான 85 டன் மாதிரிக் கருவி மதுரையில் இருக்கு. வானத்திலிருந்து வரும் மியூவான்கள் அதற்குள் வளைந்துதான் போகின்றன. செமஸ்டருக்குச் சமன்பாடுகளை மனப்பாடம் பண்ணும் முன்னாடி, ஒரு காந்தத்தின் மேல் பேப்பரை வைத்து இரும்புத்தூள் தூவிப் பாருங்க. சமன்பாட்டுக்கு முன்னாடி வந்தது அந்தக் கோடுகள்தான்.